அரையாளின் பலம்

பலத்தில் யார் பெரியவர் என்ற கேள்வியை என் தம்பியிடம் மட்டும் கேட்டுவிடக்கூடாது. மனிதர்களைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. ராட்சதன், ஓர்க், குள்ளன், எல்ஃப், அரையாள் என்று உலகத்தில் இல்லாத ஜனங்களைப் பற்றித்தான் மூச்சுவிடாமல் பேசுவான். ராட்சதன் மாட்டை வண்டியோடு தூக்குவான். ஓர்க் மாட்டை மட்டும் தூக்குவான். குள்ளன் என் இடுப்பு உயரம்தான், ஆனால் காலை ஊன்றி நின்றுவிட்டால் அவனை அசைக்க முடியாது, அது தனிப் பலம். எல்ஃபுக்கு வில்லை வளைக்கத் தெரியும், மூட்டை தூக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பான். கடைசியில் அரையாள். பேருக்கு ஏற்றபடி பாதி ஆள். ஓடி ஒளிய இரண்டு காலும் பேசித் தப்பிக்க ஒரு வாயும் உண்டு, பலம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இத்தனையையும் அவன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வான். அம்மா அவனை முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டு, இவங்கெல்லாம் எந்த ஊர்க்காரங்க என்று என்னிடம் மெதுவாகக் கேட்பாள்.

இது ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்லுவார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக இருப்பார்கள். என் ஆள் கதவை உடைக்கிறான் என்று சொல்லிவிட்டு இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அந்த ஆளின் பலத்தைச் சேர்த்துப் பார்த்தால் கதவு உடைந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பச்சைத் தோலும் கோரைப்பல்லும் உள்ள ஓர்க்காக நான் மாறுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவர்களுக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருப்பேன்.

என்னை இதில் இழுத்துவிட்டவன் தம்பிதான். புனேயில் கராடிப் பக்கம் அவனோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பையனும் அவன் மனைவியும் ஞாயிறு மதியம் போபோடியில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பையன் கதை சொல்லுவான். அவன் மனைவி புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசுவாள், விளையாட்டில் எல்ஃப். இன்னும் ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் என்னவாக இருக்க வேண்டும் என்று தம்பி என்னிடம் கேட்கக்கூட இல்லை.

"நீ ஓர்க்தான்க்கா. இதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு?"

முதலில் ரோஷம் வந்தது. இரண்டு வாரத்தில் அது போய்விட்டது. கதவுகளை உடைப்பதிலும் பாலத்தைத் தோளில் தாங்குவதிலும் எனக்கு இவ்வளவு ஆசை இருந்தது எனக்கே தெரியாது. தம்பி தனக்கு எடுத்துக்கொண்டது அரையாளை. ஆபீசில் இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் தங்களிடம் இல்லாததைத்தான் எடுப்பார்கள் என்று அந்தப் பையன் சொல்லுவான். வாயே திறக்காதவன் பாடகன் ஆவான், லிஃப்டுக்குக் காத்திருக்கும் தொப்பைக்காரன் போர்வீரன் ஆவான். தம்பி மட்டும் ஏன் இருக்கிறதிலேயே பலம் குறைந்தவனை எடுத்தான் என்பது அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

ஏனென்றால் தம்பிக்குத் தசைகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதலில் ரயிலில் மேல் பலகைக்குப் பெட்டியை ஏற்ற முடியவில்லை என்றான். பிறகு கம்பெனி பஸ்ஸின் படி உயரமாக இருக்கிறது என்றான். பஸ்ஸை மாற்றிவிட்டார்கள் போல என்று நாங்களும் நினைத்தோம். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் தன் தொடைகளையே கையால் பிடித்துப் பிடித்து ஏறி நிமிர்வதைப் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தோளிலும் இடுப்பிலும் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிற வியாதி, பிறப்பிலேயே வந்தது, அம்மாவிடம் பாதியும் அப்பாவிடம் பாதியும் இருந்து இரண்டு பாதியும் சேர்ந்து இவனுக்குப் போயிருக்கிறது என்றார். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அதில் என் பாதி எது என்று டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மருந்து கிடையாது. முடிந்ததைச் செய்யட்டும், களைத்துப் போகிற அளவுக்குச் செய்யக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். முடிந்தது எங்கே முடிகிறது, களைப்பு எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை. கோடு இல்லாத இடத்தில் ஊரே வந்து ஆளுக்கு ஒரு கோடு போட்டது. சபை மூப்பர் தினமும் இரண்டு முட்டையும் விசுவாசமும் போதும் என்றார். பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா உடற்பயிற்சி வீடியோக்களாக அனுப்பித் தள்ளினார். கீழ் வீட்டு மராத்தி அம்மாள் படியில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஹிம்மத் ரக் பேட்டா, தைரியமாக இரு மகனே என்று தோளில் தட்டுவார். தட்டுகிற தட்டில் அவன் கம்பியைப் பிடித்துக்கொள்வான். இவர்களையெல்லாம் விட மோசம் நான். எங்கள் வீடு முதல் மாடி. அவன் ஏறி வரும்போது மேல்படியில் நின்றுகொண்டு, இன்னும் ஒன்னு, முயற்சி பண்ணுல, இன்னும் ஒன்னு என்பேன். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அது பலிக்கும், அதனால் எனக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது.

இப்போது அவன் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறான். வெளியே போவது மாதத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம். அவன் வாரம் முழுக்கக் காத்திருப்பது ஞாயிறு மதியத்துக்குத்தான்.

அந்த விளையாட்டுக்குப் புது விதிப்புத்தகம் ஒன்று வந்தது. பையன் அதைப் பையிலிருந்து எடுத்தபோதே அவன் முகம் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவன் முகம் மாதிரி இருந்தது. பழைய புத்தகத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் பிறப்பிலேயே ஒரு கணக்கு உண்டு. ஓர்க்காகப் பிறந்தால் பலத்தில் இரண்டு கூடும், அரையாளாகப் பிறந்தால் இரண்டு குறையும். புதிதில் அதை எடுத்துவிட்டார்கள்.

"பொறப்ப வெச்சுப் பலத்த முடிவு பண்றதெல்லாம் இனி இல்லீங்க்கா. யாரு வேணா எவ்வளவு பலமா வேணாலும் இருந்துக்கலாம். நாம வெக்கறதுதான் நம்பர்."

அவன் மனைவி இதற்காகவே காத்திருந்தவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது தான் சஹி, அக்கா. எந்த ஜாதில பொறந்தான்னு பார்த்து நம்பர் குடுக்கறது எனக்கு முதல்லயே புடிக்கல, அச்சா நஹி லக்தா."

எனக்கும் அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. பிறப்பைப் பார்த்து மார்க் போடுகிற ஒரு வாத்தியார் இருந்தால் அவரை நாம் என்ன சொல்வோம் என்று கேட்டேன். தம்பி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர்க்கையும் அரையாளையும் கையைக் கோத்து மேசையில் மோதவிட்டால் அரையாள் ஜெயிப்பானா என்றான். அரையாளுக்கு எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு, அதிலிருந்து எப்படி அந்தப் பலம் வரும் என்றான். மாயமந்திரம் எல்லாம் நடக்கிற கதையில் இது மட்டும் நடக்காதா என்று பையன் கேட்டான். மந்திரத்துக்கு மந்திரவாதி இருக்கிறான், சதைக்கு யார் இருக்கிறார் என்று தம்பி திருப்பிக் கேட்டான். பிறகு பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, பழைய விதிப்படி ஆடுவதானால் ஆடலாம் என்று சொல்லி முடித்துவிட்டான். குரல் ஏறவில்லை. எப்போதும் போலப் பிடிவாதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அன்று அவர்கள் கிளம்பும்போது நான் படியிறங்கிக் கூடவே போனேன். கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று மூன்று பேரும் பேசினோம். தம்பிக்குப் பலமான ஆளாக ஆட ஆசை இல்லாமலா இருக்கும், கேட்கக் கூச்சப்படுகிறான், நாமே கொடுத்துவிட்டால் வாங்கிக்கொள்வான் என்று முடிவு செய்தோம். இதை முதலில் சொன்னது யார் என்று எனக்கு இப்போது நினைவில்லை. மூவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது போலத்தான் இருந்தது. அவன் பிறந்தநாள் அருகில் வந்துகொண்டிருந்தது. அதுவும் வசதியாகப் போயிற்று.

இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் தங்கள் பாத்திரத்துக்குக் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பொம்மை வைத்துக்கொள்வார்கள். எல்ஃப் பெண் தன் கையாலேயே ஒரு புது அரையாளுக்கு வர்ணம் தீட்டினாள். அதே சுருட்டை முடி, அதே செருப்பில்லாத கால், ஆனால் கை இரண்டும் திரண்டு புடைத்து, தலைக்கு மேலே ஒரு பாறையைத் தூக்கிப் பிடித்திருந்தான். பையன் புது விதிப்படி அவனுக்கு எண்களை எழுதினான். பலத்துக்கு என் ஓர்க்கைவிட ஒன்று கூடுதலாகப் போட்டான். என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் போட்டான், நானும் பெருந்தன்மையோடு கொடுத்தேன். அம்மா காலையிலேயே மட்டன் வாங்கிவரச் சொல்லி பிரியாணி செய்தாள். முந்தின ராத்திரி படுக்கும்போது எனக்கு மனசு அவ்வளவு இலேசாக இருந்தது. இந்த உலகத்தில் கொடுக்க முடியாததை இன்னோர் உலகத்தில் கொடுத்துவிடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரியாணி முடிந்து, கேக் வெட்டி, அட்டைப் பெட்டியைக் கொடுத்தோம். நாடாவைப் பிரிக்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. பொம்மையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். எண்கள் எழுதிய தாளைப் பார்த்தான். திரும்பவும் பொம்மையைப் பார்த்தான். எல்ஃப் பெண் அந்தப் பாறைக்கு மட்டும் மூன்று விதச் சாம்பல் நிறம் பூசியதை விளக்கிக்கொண்டிருந்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள். பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது. அது முழுதாகப் போய்முடிந்த பிறகு பொம்மையை மேசையில் நிற்க வைத்தான்.

"நல்லா பண்ணிருக்கீங்க" என்றான் அவளிடம். உண்மையாகத்தான் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். மற்ற இருவரும் அங்கே இல்லாதது போல என்னிடம் மட்டும் பேசினான்.

"அக்கா, பழைய அரையாள் ஒரு கல்லத் தூக்க முடியலன்னா யாராச்சும் அவன ஏசுனாங்களா? ஏச மாட்டாங்க. அவன் பெறப்பு அப்படி, அவன் என்ன செய்வான்னு நீ வந்து தூக்குவ. அதோட முடிஞ்சிரும். இந்தப் புதுசுல எல்லாரும் பலமா இருக்கலாம்னு வச்சிட்டா, பலம் இல்லாதவன் ஏன் இல்லாம இருக்கான்? அவந்தான வச்சிக்கிடல? தப்பு அவன் மேலதான?"

விளையாட்டைப் பற்றித்தானே பேசுகிறாய் என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று கேட்டேன்.

"எல்லாரும் முயற்சி பண்ணு, முயற்சி பண்ணுன்னுதான் சொல்லுதாங்க. நீயுந்தான். நான் பண்ணாமலா இருக்கேன்? பண்ணிப் பண்ணி முடியாமப் போச்சுன்னா அப்பயும் நான் சரியாப் பண்ணலன்னுதான் ஆகுது. பெறப்புலயே இல்லன்னு எழுதி வச்சிருக்க ஒரே எடம் இதுதாங்க்கா. இதையும் எடுத்துறாதீங்க."

அம்மா சமையலறை வாசலில் கேக் தட்டோடு நின்றிருந்தாள். பிறப்பு என்ற வார்த்தை அவளை எங்கே தொட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் தட்டை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் உருளவில்லை, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எல்ஃப் பெண் அழத் தொடங்கினாள். தம்பி அவளைத் தேற்றினான். பையன் தாளைக் கிழிக்கலாமா மடித்து வைக்கலாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தம்பி மேல் இல்லை. யார் மேல் என்று பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்ற கோபம். பலமுள்ளவள் என்று அவன் எனக்குப் பேர் வைத்திருக்கிறான், அந்தப் பலத்தைப் போட்டு நெம்ப ஒரு கதவுகூட அந்த அறையில் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் வருவார்களோ மாட்டார்களோ என்று இருந்தேன். வந்தார்கள். எல்ஃப் பெண் பாகர்வடி என்ற காரப் பலகாரம் வாங்கிவந்திருந்தாள். பையன் பழைய புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். பாறையைத் தூக்கிய பொம்மை மட்டும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. தம்பியே அங்கே வைத்திருந்தான். அழகான பொம்மை, பெட்டிக்குள் கிடக்க வேண்டாம் என்றான்.

கதையில் அன்று ஒரு கிணறு வந்தது. மூடியிருந்த கல்லை நகர்த்த வேண்டும். நான் பகடைக்குக் கை நீட்டினேன். தம்பி, முதலில் என் ஆள் தள்ளிப் பார்க்கட்டும் என்றான். பகடை உருண்டு நான்கில் நின்றது. பிறப்புக்கு இரண்டு குறைத்தால் மிச்சம் இரண்டு. கல் அசையவில்லை, அரையாள் கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தான் என்று பையன் சொன்னான். தம்பி சிரித்தான். பகடையை என் பக்கம் தள்ளி, வா ஓர்க்கே என்றான். மாதக்கணக்கில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. முடியவில்லை என்பதை இவ்வளவு நிம்மதியாகச் சொல்ல ஒரு மேசை அவனுக்குத் தேவைப்பட்டிருக்கிறது, நாங்கள் அதன் காலைப் பிடுங்கப் பார்த்திருக்கிறோம்.

அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டேன், இனி முயற்சி என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது என்று. படியில் நின்று எண்ணுவதை நிறுத்தினேன். சித்தப்பாவின் வீடியோக்களை அவனுக்குக் காட்டாமலே அழித்தேன். மூப்பரிடம், அவன் ஜெபம் பண்ணுகிறான், அவனை விட்டுவிடுங்கள் என்று கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன். வீட்டில் சத்தம் குறைந்தது. அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன்.

கை தோளுக்கு மேலே எழும்பாமல் போனதிலிருந்து அவன் தலை சீவுகிற விதம் ஒன்று உண்டு. மேசையில் முழங்கையை ஊன்றி, சீப்பை நட்டமாகப் பிடித்துக்கொண்டு, கையை அசைக்காமல் தலையைக் குனிந்து குனிந்து சீப்புக்குக் கொண்டு வருவான். பின்பக்கம் எட்டாது, எட்டின வரைக்கும் போதும் என்று விட்டுவிடுவான். காலை மீட்டிங்குக்கு முன்னால் தினமும் அப்படித்தான், பத்து நிமிஷம் ஆகும். உதவட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், வேண்டாம் போ என்பான்.

அந்த வாரம் ஒரு காலையில் நான் பள்ளிக்குக் கிளம்ப டப்பாவில் சப்பாத்தியை வைத்துக்கொண்டிருந்தேன். அவன் சமையலறைக்கு வந்து சீப்பை நீட்டினான்.

"அக்கா, நீயே சீவி விடு."

சாதாரணமாகக் கேட்டான். வருத்தமோ கூச்சமோ இல்லை. தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்டான். நேற்றுவரைக்கும் செய்தாயே, இன்றைக்கு ஏன் முடியவில்லை என்று கேட்க வாய் வந்தது. முடியவில்லையா, வேண்டாம் என்று விட்டுவிட்டாயா, எதுவென்று மட்டும் சொல் என்று கேட்க வந்தது. எதைக் கேட்டாலும் அது அந்தப் பழைய வார்த்தைதான். வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். சீப்பை வாங்கிக்கொண்டேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அப்பாவுக்கு இருந்த அதே கெட்டி முடி. பின்பக்கம் சிக்குப் பிடித்திருந்தது, எத்தனை நாளாக எட்டவில்லையோ. இழுத்தபோது வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றான்.

அம்மா அடுப்புப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் சீப்பைக்கூட எடுத்து வரவில்லை. ஸ்டூலில் வந்து உட்கார்ந்து தலையை மட்டும் குனிந்து காட்டினான்.